சீக்கிரம் ஓய்வு பெறுகிறவர்கள் எந்த ஊரில் குடியேறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த பணத்தில் மிச்சக் காலத்தை ஓட்ட நினைப்பவர்களுக்காக எழுதியது இது. அறுபதில் ஓய்வு பெறுகிறவர் ஊர் தேடுவதற்கும் இவர்கள் தேடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னவருக்கு 25 வருடக் கணக்கு. பின்னவருக்கு 45, 50 வருடக் கணக்கு. பெரும்பாலான ஆலோசனைகள் முன்னவரை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன.

ஊரை மாற்றினால் உண்மையிலேயே அவ்வளவு மிச்சமாகுமா?

ஆகும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்த நாட்டின் பழைய பங்குச் சந்தை, கடன் பத்திர விவரங்களை வைத்து ஆராய்ந்தார். சேமிப்பிலிருந்து முதல் வருடம் 4 சதவீதம் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால் 30 வருடத்துக்குப் பணம் தாங்கும் என்று கண்டார். 1998இல் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. திருப்பிப் போட்டால், ஒரு வருடச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருக்க வேண்டும் என்று ஆகிறது.

இதில் ஊர் எங்கே வருகிறது? மாதச் செலவில் 100 குறைந்தால் வருடத்துக்கு 1,200 குறைகிறது. அதன் 25 மடங்கு 30,000. அதாவது மாதச் செலவில் எவ்வளவு குறைகிறதோ, அதைப் போல 300 மடங்கு குறைவாகச் சேர்த்தால் போதும். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு இதேதான். சம்பள உயர்வுக்காக இன்னும் ஐந்து வருடம் காத்திருப்பதைவிட ஊரை மாற்றுவது சில சமயம் வேகமான வழி.

ஆனால் 4 சதவீதம் 30 வருடத்துக்கான கணக்கு, அதுவும் அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்டது. 45 வருடம் ஓட வேண்டியவர் 3.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் 25 மடங்கு போதாது, 28 அல்லது 29 மடங்கு வேண்டும். ஊர்த் தேர்வின் எடை இன்னும் கூடுகிறது.

இணையத்தில் கிடைக்கும் ‘மலிவான நகரங்கள்’ பட்டியலை நம்பலாமா?

பத்து ஊர்களை முதலில் பொறுக்கி எடுக்க உதவும். முடிவெடுக்க உதவாது. நம்பியோ போன்ற தளங்களில் உள்ள விலைகள் பெரும்பாலும் பயனர்களே பதிவு செய்பவை. நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அதனுடன் ஒப்பிடுவார்கள். சின்ன ஊர்களில் பதிவு செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் எண்கள் ஆடும். மெர்சர் நிறுவனத்தின் பட்டியல் வேறு வகை. அது வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்படுவது. அந்த ஊழியர் வாழும் பகுதி, அவர் எடுக்கும் வீடு எல்லாம் உங்கள் வாழ்க்கையோடு ஒத்துப்போகாது.

பட்டியலில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஊரில் இரண்டு பேட்டைகளுக்கு இடையிலான வித்தியாசம் பல நேரம் பெரிதாக இருக்கும்.

அப்படியானால் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

உங்கள் சொந்தச் செலவை வைத்து. கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் கடன் அட்டைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செலவையும் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஊர் மாறினால் மாறுகிற செலவு ஒரு குவியல், எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருகிற செலவு இன்னொன்று.

வாடகை, வீட்டு வேலைக்கு ஆள், முடி திருத்தம், பல் மருத்துவர், பேருந்துக் கட்டணம் முதல் குவியலில் சேரும். மடிக்கணினி, கைப்பேசி, விமான டிக்கெட், இணையச் சந்தாக்கள் இரண்டாவதில் போகும். இதற்குப் பின்னால் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. 1964இல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் தனித்தனியே விளக்கியது அது. ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போய் விற்கக்கூடிய பொருளின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கும். முடிவெட்டு போல அங்கேயே செய்து அங்கேயே முடிகிற வேலைக்கு, உள்ளூர்க் கூலிதான் விலை. ஆகவே வருமானம் குறைந்த இடத்தில் ஆள் வேலை மலிவு, இறக்குமதிப் பொருள் மலிவாக இருக்காது. சில நேரம் சுங்க வரி சேர்ந்து கூடுதலாகவே இருக்கும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது சிலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். செலவில் பாதிக்கு மேல் இரண்டாவது குவியலில் கிடக்கும். வருடம் மூன்று முறை பெற்றோரைப் பார்க்கப் பறப்பவர், நல்ல கேமராவும் லென்சுமாக வாழ்பவர், இவர்களுக்கெல்லாம் ‘பாதி விலை ஊர்’ என்பது உண்மையில் முக்கால் விலை ஊர்தான். அதிலும் தூரத்து ஊருக்குப் போனால் பயணச் செலவு ஏறும். அந்த ஏற்றத்தையும் அந்த ஊரின் கணக்கிலேயே எழுதுங்கள்.

இன்றைக்கு மலிவாக இருக்கும் ஊர் இருபது வருடம் கழித்தும் மலிவாக இருக்குமா?

சீக்கிரம் ஓய்வு பெறுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கப்படுகிறது.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஊரில் மாதச் செலவு 60, ஆனால் அங்கே விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது. இரண்டாவது ஊரில் செலவு 100, விலைவாசி ஏற்றம் 3 சதவீதம். இன்றைக்கு முதல் ஊர் 40 சதவீதம் மலிவு. 18ஆவது வருடத்தில் இரண்டு ஊரிலும் செலவு சுமார் 170 ஆகி ஒன்றாக வந்து நிற்கும். அதன்பின் முதல் ஊர் முந்திக்கொண்டு போகும். 36ஆவது வருடத்தில் அங்கே சுமார் 490, இங்கே 290. அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு அந்த 18ஆவது வருடம் 78 வயதில் வருகிறது. நாற்பதில் ஓய்வு பெற்றவருக்கு 58 வயதில் வந்துவிடும். அவருக்கு அதற்கு மேலும் நீண்ட காலம் பாக்கி இருக்கும்.

முதல் ஊரில் மிச்சமாகும் பணம் இடைப்பட்ட காலத்தில் வளரும் என்பதும் உண்மைதான். அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்து, உங்கள் சேமிப்பு வேறு நாணயத்தில் இருந்தால் பாதிப்பு குறையலாம். இருந்தாலும் இன்றைய விலையை மட்டும் பார்க்காமல், கடந்த பத்து வருடத்தில் வாடகை எப்படி ஏறியது என்பதையும் பாருங்கள்.

வாடகை எகிறப்போகும் ஊருக்குச் சில அறிகுறிகள் உண்டு. புதிதாகப் பன்னாட்டு விமானங்கள் வந்து இறங்கும். ‘உலகின் அழகான, மலிவான ஊர்’ என்று எல்லோரும் எழுதத் தொடங்குவார்கள். குடியிருப்பு வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாத் தங்குமிடங்களாக மாறும். பார்சலோனாவில் இது முற்றிப்போய், சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு விடும் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக நகர நிர்வாகம் 2024இல் அறிவித்தது. என்னைக் கேட்டால், பல்கலைக்கழகமும் நல்ல மருத்துவமனையும் இருந்து, சுற்றுலாப் புகழ் இல்லாத நடுத்தர ஊர்தான் தேட வேண்டியது. படம் எடுத்துப் போட அங்கே எதுவும் இருக்காது. நல்லதுதான்.

வாடகையா, சொந்த வீடா?

முதல் வருடம் வாடகைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அதன்பின் ஒரு கணக்கு. வீட்டின் விலையை, அதே மாதிரி வீட்டின் ஒரு வருட வாடகையால் வகுங்கள். 15க்குக் கீழே வந்தால் வாங்குவது பெரும்பாலும் லாபம். 20க்கு மேலே போனால் வாடகைக்கு இருப்பதே மேல். நடுவில் இருந்தால் அந்த ஊரில் எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்திரச் செலவு, தரகு, வரி எல்லாம் சேர்த்தால் வீடு வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் விற்பவர் அநேகமாக நட்டத்தில்தான் வெளியே வருவார்.

சொந்த வீட்டுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே பார்த்த வாடகை ஏற்றம் உங்களைத் தொடாது. விலைவாசி ஓடுகிற ஊரில் இது பெரிய கவசம். ஆனால் சேமிப்பில் பாதியைக் கொட்டி வீடு வாங்கினால், மாதாமாதம் செலவுக்கு எடுக்கும் பணம் மீதிப் பாதியிலிருந்துதான் வர வேண்டும். சுவரைப் பெயர்த்து விற்றுச் சாப்பிட முடியாது.

இத்தாலியில் 1 யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே?

தருகிறார்கள், உண்மைதான். மக்கள் காலி செய்துவிட்டுப் போன சிற்றூர்களில் இடிந்து கிடக்கும் வீடுகள் அவை. குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதுபார்த்து முடிக்க வேண்டும், அதற்கு உத்தரவாதமாகப் பணம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். செலவெல்லாம் அந்தப் பழுதுபார்ப்பில்தான். வீடு கட்டுவதில் ஆசை உள்ளவருக்குச் சரி. செலவைக் குறைக்க நினைப்பவருக்கு அல்ல.

மருத்துவ வசதியை எப்படிப் பார்ப்பது?

மருத்துவமனைகளின் எண்ணிக்கையை விடுங்கள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால், இதய ரத்தக்குழாய் அடைப்பை அந்த நேரத்திலும் நீக்கக்கூடிய மருத்துவமனை எத்தனை நிமிடத்தில்? பக்கவாதத்திலும் இப்படித்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும். மூன்று மணி நேரத் தொலைவில்தான் பெரிய மருத்துவமனை என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். பகலில் மட்டும் நிபுணர் வந்து போகும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. நேரில் போய், இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தால் பதில் சொல்வார்கள்.

அடுத்து காப்பீடு. வேலை கொடுத்த நிறுவனத்தின் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். அரசின் முதியோர் காப்பீடு பல வருடம் கழித்துத்தான் வரும். உதாரணமாக அமெரிக்காவின் மெடிகேர் பொதுவாக 65 வயதில் தொடங்குகிறது. அதுவும் நாட்டுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தராது. நடுவில் உள்ள இருபது இருபத்தைந்து வருடங்களுக்குச் சொந்தக் காசில்தான் காப்பீடு எடுக்க வேண்டும். அதன் கட்டணம் வயதோடு ஏறும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வருவதற்கு முன், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே எடுத்தால் இன்னும் நல்லது.

வேறு நாட்டில் குடியேறலாமா? ‘ஓய்வுகால விசா’ தருகிறார்களே?

அந்த விசாக்கள் பெரும்பாலும் முதியவர்களுக்காக வகுக்கப்பட்டவை. தாய்லாந்தின் ஓய்வுகால விசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். பனாமாவின் புகழ்பெற்ற ஓய்வூதியர் விசாவுக்கு, வாழ்நாள் முழுக்க வரும் ஓய்வூதியம் இருக்க வேண்டும். சேமிப்பை வைத்து வாழும் 42 வயதுக்காரரிடம் அது இருக்காது. ஸ்பெயினில் வேலை பார்க்காமல் வாழ்வோருக்கு என ஒரு விசா இருக்கிறது. போதிய பணம் இருப்பதைக் காட்ட வேண்டும், ஓய்வு வயதை எட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே இருந்துகொண்டு வேலை செய்யக் கூடாது.

இதைவிட முக்கியம், விதிகள் மாறும் என்பது. ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002இல் தொடங்கியது. 2021இல் அதற்கான மாத வருமான நிபந்தனையை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக ஒரே தாவலில் உயர்த்தினார்கள். 2024இல் விதிகள் மறுபடியும் மாறின. 45 வருடத் திட்டத்தை ஐந்து வருட விசாவின் மேல் கட்டுகிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்கட்டும். நிரந்தரக் குடியுரிமைக்கு வழி இருக்கிறதா, எத்தனை வருடத்தில், என்ன தேர்வு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வழியே இல்லாத நாடு என்றால் அங்கே வீடு வாங்காதீர்கள்.

வரி?

பல நாடுகளில் வருடத்தில் 183 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் அந்த நாட்டு வரிவாசியாகிவிடுவீர்கள், அதாவது வரி விஷயத்தில் அந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகை, பங்கு லாபம் எல்லாவற்றையும் அங்கே காட்ட வேண்டிவரலாம். இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் இரண்டு இடத்திலும் முழு வரி கட்ட வேண்டியிருக்காது. ஆனால் இரண்டு வரிவிகிதத்தில் உயர்ந்தது எதுவோ, கடைசியில் அதைத்தான் கட்டுவீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் தங்கள் நாட்டுக்கும் வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

சலுகைகளை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போர்ச்சுகல் 2009இல் புதிதாகக் குடியேறுவோருக்கு வரிச்சலுகை கொண்டுவந்தது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பெரும்பாலும் வரியே இல்லை என்ற நிலை இருந்தது. 2020இல் புதிதாக வருவோருக்கு 10 சதவீதம் போட்டார்கள். 2024இல் அந்தத் திட்டத்தையே புதியவர்களுக்கு மூடினார்கள். பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் போய்க் குடியேறினால் வருடாவருடம் உயரும். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறினால் அப்படியே உறைந்து நிற்கும்.

பணம் ஒரு நாணயத்தில், செலவு இன்னொரு நாணயத்தில் என்றால்?

இரண்டு வருடச் செலவையாவது செலவு செய்யும் நாணயத்தில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. விலைவாசி தறிகெட்டு ஓடும் நாட்டில் மட்டும் அது எடுபடாது. 2022இல் துருக்கியின் பணவீக்கம் 80 சதவீதத்தைத் தாண்டியது, உள்ளூர்ப் பணத்தை வைத்திருந்தவர் பாடு திண்டாட்டம்தான். டாலரில் சேமிப்பு உள்ளவர்கள் ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளை விரும்புவதற்கு அங்கே அமெரிக்க டாலரே புழங்குவது ஒரு முக்கியக் காரணம். ஈக்வடார் 2000இல் அதற்கு மாறியது.

தட்பவெப்பத்தையும் பார்க்க வேண்டுமா?

ஆமாம், அந்த ஊரின் மிக மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள். தாய்லாந்தின் சியாங் மாய் ஓய்வாளர்களுக்குப் பிடித்த ஊர். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டையும் வயலையும் எரிக்கும் புகை அங்கே மூடிக்கிடக்கும். டிசம்பரில் போய் மயங்கியவர்களுக்கு இது தெரியாது. ஈக்வடாரின் குவென்கா சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

சின்ன ஊரா, பெரிய ஊரா?

சின்ன ஊரில் வாடகை குறையும், வண்டிச் செலவு ஏறும். பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு வண்டிதான். நடந்தே எல்லாம் வாங்க முடிகிற, பேருந்தும் ரயிலும் ஒழுங்காக ஓடுகிற பேட்டையில் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், இரண்டு வண்டி ஒன்றாகக் குறைந்தால் அது சரியாகிவிடும்.

எவ்வளவு நாள் தங்கிப் பார்க்க வேண்டும்?

மூன்று மாதமாவது, விடுதியில் இல்லாமல் வாடகை வீட்டில். எதைப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். சனி, ஞாயிறு எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் இறங்குங்கள். உங்கள் வயதில் உள்ள எல்லோரும் அலுவலகத்தில் இருப்பார்கள். பூங்காவில் முதியவர்களும் குழந்தைகளும் மட்டும். அந்த நேரத்தில் எங்கே போவீர்கள், யாரோடு பேசுவீர்கள்? நூலகம், விளையாட்டு மைதானம், பாட்டு வகுப்பு, ஏதாவது ஒரு சங்கம் என்று பகலில் மனிதர்கள் கூடும் இடம் இருக்கிறதா? அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. சோட்டாளிகள் பலரும் கூடவே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

அதோடு சில சில்லறை வேலைகளையும் செய்து பாருங்கள். வங்கியில் கணக்குத் தொடங்குங்கள். குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுங்கள். பல் மருத்துவரிடம் போங்கள். உள்ளூர் மொழி தெரியாமல் இந்த மூன்றையும் முடிக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது, வெளியூர்க்காரர் என்று தனி விலை சொல்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் பிடித்திருக்கிறது. என்ன செய்வது?

போகாதீர்கள். பிடிக்காதவர் வருடத்துக்கு நாலு முறை பழைய ஊருக்குப் போய்வருவார். அந்தச் செலவை மேலே சொன்ன இரண்டாவது குவியலில் எழுதிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் இரண்டாவதாகப் பிடித்த ஊர் ஒன்று பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

பழைய ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

உடனே வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள், ஒப்பந்தத்தை அதற்கு மேல் நீட்டாதீர்கள். புதிய ஊர் சரிப்பட்டு வந்தபின் விற்றால் போதும். வீடு இருக்கும் நாட்டில், அதில் நீங்களே குடியிருந்தால்தான் விற்பனை லாபத்துக்கு வரி விலக்கு என்று விதி இருந்தால் மட்டும், எத்தனை வருடத்துக்குள் விற்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.